விண்மீன்களிடையே அறிவைத் தேடி

நுழையும்முன்

சூரியனைப் போலவே பிற விண்மீன்களையும் கோள்கள் சுற்றிவருகின்றன. அத்தகைய கோள்கள் ஆயிரக்கணக்கில் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் சிந்திக்கும் உயிர்கள் வாழுமாயின், அதனைப் புவியிலிருந்து எவ்வாறு அறிவது? அவ்வாறு கிட்டும் சான்று மெய்யானதுதானா என்பதை எவ்வாறு உறுதிசெய்வது? இவ்வினாக்களுக்கு விடைகாண அறிவியல் மேற்கொள்ளும் நெறியை இப்பாடம் விளக்குகிறது.

முதல் முயற்சி

விண்மீன்களுக்குச் சென்று காண்பது இன்றைய மனிதருக்கு இயலாத செயல். ஆனால், வானொலி அலைகள் ஒளியின் வேகத்தில் அத்தொலைவைக் கடக்கின்றன. தொழில்நுட்பம் கைவரப்பெற்ற ஓர் இனம் அவ்வலைகளை அனுப்புமாயின், அவற்றை இங்கிருந்தே கேட்கலாம் என்று 1959ஆம் ஆண்டு கோக்கோனி, மோரிசன் என்னும் இயற்பியலாளர் இருவர் எழுதினர்.

மறு ஆண்டிலேயே ஃபிராங்க் டிரேக் என்னும் வானியலாளர் அம்முயற்சியில் இறங்கினார். அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் இருந்த 26 மீட்டர் விட்டமுடைய வானொலித் தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி ஆகிய இரு விண்மீன்களை நோக்கித் திருப்பினார். ஹைட்ரஜன் இயல்பாக வெளியிடும் 1420 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை அவர் தேர்ந்தெடுத்தார். பேரண்டத்தில் மிகுதியாக உள்ள தனிமம் ஹைட்ரஜன். வானியல் கற்ற எவ்வினமும் அந்த அதிர்வெண்ணை அறிந்திருக்கும் என்பதே அதற்குக் காரணம். செய்தி எதுவும் கிட்டவில்லை. ஆயினும், தேடலுக்கு ஒரு வழி பிறந்தது.

புதிராய் மங்கிய விண்மீன்

கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி, விண்மீன்களின் ஒளியைத் தொடர்ந்து அளந்துவந்தது. விண்மீனின் குறுக்கே கோள் செல்லும்போது ஒளி சிறிதளவு குறையும். சூரியனை வியாழன் மறைத்தாலும் ஏறத்தாழ 1 விழுக்காடு ஒளியே குறையும். ஆனால், கேஐசி 8462852 என்னும் விண்மீனின் ஒளி ஒருமுறை ஏறத்தாழ 22 விழுக்காடு குறைந்தது. அக்குறைவுகள் ஒழுங்கான கால இடைவெளியிலும் நிகழவில்லை. கெப்ளர் தரவுகளை ஆராய்ந்த தன்னார்வலர்கள் இதனை முதலில் கவனித்தனர். டபேதா பொயாஜியான் குழுவினர் 2015ஆம் ஆண்டு இதனை அறிவித்தனர்.

ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் ஓர் இனம் தன் விண்மீனைச் சூழக் கட்டமைப்புகளை எழுப்பி அதன் ஒளியைத் திரட்டக்கூடும் என்பது 1960ஆம் ஆண்டில் ஃபிரீமன் டைசன் முன்வைத்த கருத்து. இவ்விண்மீனைச் சூழ்ந்திருப்பதும் அத்தகைய கட்டமைப்போ என்னும் பேச்சு உலகெங்கும் எழுந்தது. அறிவியலாளர்கள் அதனை உடனே ஏற்கவுமில்லை, நகைத்து ஒதுக்கவுமில்லை. சோதித்துப் பார்த்தனர்.

அத்தகைய கட்டமைப்பு வெப்பமடைந்து அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாக வெளியிட வேண்டும், அவ்வாறு காணப்படவில்லை. வானொலிச் செய்தி வருகிறதா எனக் கேட்டனர்; எதுவும் வரவில்லை. திண்மப் பொருள் மறைத்தால் எல்லா நிற ஒளியும் ஒரே அளவில் குறைய வேண்டும். 2017ஆம் ஆண்டில் ஒளி மீண்டும் மங்கியபோது, நீல ஒளி சிவப்பு ஒளியைவிட மிகுதியாகக் குறைந்தது. இது நுண்தூசியின் இயல்பு. புகையினூடே காணும் சூரியன் செம்மையாகத் தோன்றுவதும் இத்தகையதே. ஆகவே, ஒளியை மறைத்தது தூசியே என்னும் முடிவுக்கு வந்தனர். அத்தூசி எங்கிருந்து தோன்றியது என்பது இன்றும் ஆய்வுக்குரியதாகவே உள்ளது.

தெரிந்து தெளிவோம்

1967ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ஏறத்தாழ 1.3 நொடிக்கு ஒருமுறை தவறாது துடிக்கும் வானொலி அலையைக் கண்டார். வேற்றுக்கோளினரின் குறிப்போ என்னும் ஐயம் எழுந்தது. வானின் வேறொரு திசையிலும் அத்தகைய துடிப்பை அவரே கண்டபோது அவ்வையம் நீங்கியது. அவை வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் என்பது பின்னர் உறுதியானது.

ஐயுற்றுத் தெளிதல்

2019ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள பிராக்சிமா செண்டாரி விண்மீனின் திசையிலிருந்து ஒரு குறிப்பலையைப் பெற்றது. தொலைநோக்கியை விண்மீனை விட்டு விலக்கியபோது அது மறைந்ததால் நம்பிக்கை பிறந்தது. ஆய்வாளர்கள் அத்துடன் நிறைவடையாமல், அனைத்துத் தரவுகளையும் மீண்டும் ஆராய்ந்தனர். அதே தன்மையுடைய அலைகள் வேறு அதிர்வெண்களிலும், தொலைநோக்கி வேறு திசையை நோக்கியபோதும் பதிவாகியிருந்தன. அது மனிதர் உருவாக்கிய கருவியின் இடையூறே என 2021ஆம் ஆண்டு அவர்களே அறிவித்தனர்.

காண விரும்பியதையே கண்டதாக நம்புவது மனித இயல்பு. அவ்வியல்பைக் கடந்து, தம் விருப்பத்தையே முதலில் ஐயுறுவது அறிவியலாளரின் கடமை. இதுவரை சான்று கிட்டாமையால் பிற உயிர்கள் இல்லை என்று முடிவுசெய்தல் பொருந்தாது; தேடப்பட்ட பரப்பு மிகச் சிறிது. என்றேனும் ஒருநாள் மெய்யான குறிப்பலை வந்து சேருமாயின், இன்று கடுமையாகச் சோதித்துப் பழகியவர்களின் சொல்லையே உலகம் நம்பும்.