கைக்குள் அடங்கும் கயாக்

ஆர்க்டிக் கரைகளில் வாழும் இனுயிட் மக்களின் தோல் படகுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஒற்றை ஆளாக சீல் வேட்டைக்குப் போகும் கயாக். மற்றொன்று, குடும்பத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் உமியாக். மரம் வளராத கரையில், கடல் ஒதுக்கிய கட்டைகளைச் செதுக்கித் தோல்வாரால் கட்டிச் சட்டம் செய்தார்கள். அதன்மேல் பெண்கள் தோலைத் தைத்துப் போர்த்தினார்கள். ஊசி தோலின் பாதித் தடிமனிலேயே திரும்பிவிடும். மறுபுறம் துளை விழாததால் தண்ணீர் கசியாது. இந்தப் படகுகளை அவர்களே சிறிதாகவும் செய்தார்கள். அருங்காட்சியகங்களில் இருக்கும் அந்தச் சிறு மாதிரிகளைப் பொம்மை என்று ஒதுக்கிவிடுகிறோம். அவற்றை ஆவணமாகவே படிக்க வேண்டும்.

முழுப் படகே இருக்க மாதிரி எதற்கு என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கயாக் இருந்தது உண்மைதான். ஆனால் உலர்ந்த தோல் சுருங்கிச் சட்டத்தையே முறுக்கிவிடும். தோலுக்கு அடியிலுள்ள கட்டுகளும் கண்ணுக்குத் தெரியாது. திமிங்கல வேட்டைக் கப்பல்காரர்களுக்கு விற்கச் செய்தவைதானே பல மாதிரிகள் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அவற்றில் நீளம் குறைந்து அகலம் கூடியிருப்பது வழக்கம். அளவெடுத்துப் பெரிதாக்கினால் உருப்படியான படகு வராது. கிரீன்லாந்தில் கயாக்கின் நீளம் அதை ஓட்டுபவரின் ஏறக்குறைய மூன்று பாகம், அதாவது விரித்த கைகளின் அகலத்தைப் போல மூன்று மடங்கு. அகலம் அவர் இடுப்போடு இரண்டு கைமுஷ்டி. உடம்பே அளவுகோலாக இருந்த தொழிலில், ஆளில்லாத மாதிரி அளவு தப்புவதில் வியப்பில்லை.

ஆனால் அதே கைவினைஞர் மேல்தளத்தில் அசட்டையாக இருக்கவில்லை. வலக்கைக்கு எட்டும் இடத்தில் எறியீட்டி, முன்னால் சிறு தாங்கியில் சுருட்டிய கயிறு, முதுகுக்குப் பின்னால் காற்றடைத்த தோல் மிதவை. ஈட்டிமுனை சீலின் உடலில் தைத்ததும் கயிறு சிக்காமல் ஓட வேண்டும், மிதவையை உடனே கடலில் தள்ள வேண்டும். கயிறு எதிலாவது மாட்டினால் படகு கவிழ்ந்துவிடும். கருவிகள் இல்லாமல் அருங்காட்சியகம் வந்து சேர்ந்த முழுப் படகுகள் இந்த ஒழுங்கைச் சொல்வதில்லை.

மாதிரியை ஆவணமாக்கலாம் என்பதற்கு எட்வின் டப்பன் அட்னி நல்ல சான்று. மரப்பட்டைத் தோணிகளை ஐந்தில் ஒரு பங்கு அளவில் நூற்றுக்கும் மேல் செய்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் அவருடைய குறிப்புகளோடு தோல் படகுகளின் வரைபடங்களையும் சேர்த்துப் படகு வரலாற்றாளர் ஹோவர்ட் சாப்பெல் தொகுத்த நூலை 1964இல் ஸ்மித்சோனியன் வெளியிட்டது. அதைப் பார்த்து மாதிரி செய்கிறவர்களில் பலர் சட்டத்தை உன்னிப்பாகக் கட்டிவிட்டு, மேலே துணியை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். பெண்களின் தையல், தொழிலில் சரிபாதி, அங்கே விடுபட்டுப் போகிறது.