பழுது நீக்கிய பிறகும் அணையாத ‘செக் இன்ஜின்’ விளக்கு: காரணம் என்ன?

புதுடெல்லி: இன்ஜின் பழுதுக்காகப் பணிமனைக்குச் சென்று திரும்பிய காரில், சில நாட்களிலேயே மஞ்சள் நிற ‘செக் இன்ஜின்’ விளக்கு மீண்டும் எரிவதுண்டு. ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீடே தென்பட்டால், அதில் குறிப்பிடப்படும் சென்சாரை உடனே மாற்றிவிடும் போக்கு காணப்படுகிறது. ஆனால், பிழைக் குறியீடு என்பது பழுதான பாகத்தின் பெயர் அல்ல. இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி கண்டறிந்த முரண்பாட்டின் பெயர் மட்டுமே.

குறியீடு சொல்வது என்ன?

டைமிங் செயின் அல்லது பெல்ட் மாற்றிய பிறகு தோன்றக்கூடிய ‘பி0016’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுழலும்போது கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுழல வேண்டும். இவ்விரண்டின் நிலைகளும் ஒத்துப்போகவில்லை என்பதே இக்குறியீட்டின் பொருள்.

செயின் ஒரு பல் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தாலும் இக்குறியீடு வரக்கூடும். அந்நிலையில் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. புதிய சென்சாரும் அதையே சொல்லும். செயின் நீண்டுவிடுவது, வால்வு நேரத்தைச் சீரமைக்கும் ஆயில் வால்வில் அடைப்பு, சரியாகப் பொருந்தாத கனெக்டர் ஆகியவையும் காரணமாகலாம். சில கார்களில், பணி முடிந்ததும் புதிய நிலையை ஸ்கேனர் மூலம் கணினியில் பதிவு செய்ய வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

பழுது நீக்கும் பணிக்குப் பின் குறியீடு வந்தால், அப்பணியின்போது கழற்றி மாட்டப்பட்ட பகுதிகளையே முதலில் சோதிக்க வேண்டும். காற்றை உள்ளிழுக்கும் பகுதியைக் கழற்றிய பின் ‘பி0171’ தோன்றினால், கலவையில் எரிபொருள் குறைவு என்று பொருள். கேஸ்கெட் அல்லது ரப்பர் குழாய் வழியே காற்று கசிகிறதா என்று பார்த்த பிறகே மற்ற பாகங்களை ஆராய வேண்டும்.

அழித்தால் போதுமா?

ஸ்கேனர் மூலம் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும், பழுது நீங்காது. பிழை ஏற்பட்ட நேரத்தின் இன்ஜின் வேகம், வெப்பநிலை போன்ற பதிவுகளும் சேர்ந்தே அழிந்துவிடும். பல பிழைகள் அடுத்தடுத்த பயணங்களில் மீண்டும் தென்பட்டால்தான் உறுதிசெய்யப்படும். அழித்த சில நாட்களுக்குப் பின் விளக்கு எரிவது இதனால்தான்.

பழுது உண்மையிலேயே நீங்கியிருந்தால், பொதுவாக அடுத்தடுத்த 3 ஓட்டச் சுற்றுகளில் பிழை தென்படாதபோது விளக்கு தானாகவே அணையும். ஏறத்தாழ 40 முறை இன்ஜின் சூடாகி ஓடிய பின் குறியீடும் நினைவகத்திலிருந்து நீங்கும்.

அலட்சியம் கூடாது

டைமிங் அதிகம் தவறினால், பல வகை இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதிப் பெரும் சேதம் ஏற்படும். விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்தால், எரியாத எரிபொருள் புகைபோக்கியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சிதைக்கக்கூடும் என்பதால் பயணத்தைத் தொடரக் கூடாது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகளும், 2023 ஏப்ரல் 1 முதல் அவற்றின் இரண்டாம் கட்டமும் நடைமுறையில் உள்ளன. புகை வெளியேற்றத்தைப் பாதிக்கும் கோளாறுகளை வாகனமே கண்காணித்து எச்சரிப்பது இவ்விதிகளின் முக்கிய அங்கம்.

எனவே, குறியீட்டை அழிக்கும் முன் அதன் எண்ணையும் உடனிருக்கும் பதிவுகளையும் குறித்துக்கொள்வது அவசியம். ஒரு பாகத்தை மாற்றும் முன், எந்தச் சோதனையில் அது பழுதெனத் தெரிந்தது என்று மெக்கானிக்கிடம் கேட்பது வீண் செலவைத் தவிர்க்கும்.