பேருக்கு காசு கொடுக்காதீங்க: பட்ஜெட்ல ஒரு நல்ல ரெட் ஒயின்

ஆன்சைட் போன இடத்துல சூப்பர் மார்க்கெட், திரும்பி வரும்போது டியூட்டி ஃப்ரீ. ஒயின் ஷெல்ஃப் முன்னாடி நின்னா பல பேருக்கு ஒரே குழப்பம்தான். விலை குறைஞ்சதை எடுக்க கூச்சம், அதிகமானதை எடுக்க பயம்.

முதல்ல ஒண்ணு: குடிக்கிற பழக்கம் இல்லாதவங்க இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேண்டாம். எப்போவாவது வாங்குறவங்களுக்கு மட்டும்தான் இந்தப் பதிவு.

விலையைப் பார்த்தா ருசி மாறுமா?

மாறும்! 2008-ல வெளியான ஒரு கால்டெக் ஆய்வுல, ஒரே ஒயினை 10 டாலர்னும் 90 டாலர்னும் சொல்லிக் கொடுத்தாங்க. 90-ன்னு சொன்னப்போ அதிகமா பிடிச்சிருந்தது. விலையே சொல்லாம கொடுத்தப்போ அந்த வித்தியாசம் காணாம போச்சு. அதாவது, நாம பாதி நேரம் குடிக்கிறது விலைப்பட்டியலைத்தான்.

அப்போ எதை எடுக்கலாம்?

பிரான்ஸோட தெற்கு ரோன் பகுதியில் இருந்து வர்ற கோட் து ரோன் ரெட். பெரும்பாலும் மூணு திராட்சைகளின் கலவை. கிரெனாஷ் பழச்சுவையும் ஆல்கஹாலும் தரும். சிரா நிறமும் மிளகு வாசமும் தரும். மூர்வெத்ர் துவர்ப்பும் திடமும் தரும். ஒரு வருஷம் ஒண்ணு சரியா விளையலைன்னா மத்தது கை கொடுக்கும். நம்ம மொழியில சொன்னா, டைவர்சிஃபிகேஷன்!

பக்கத்துலயே ஷாட்டோநெஃப்-து-பாப். பேருக்கு அர்த்தமே 'போப்போட புதுக் கோட்டை'. அங்கேயும் முக்கியமா இதே திராட்சைகள்தான். அமெரிக்காவுல கோட் து ரோன் பொதுவா 15 டாலர் சுமாருக்கு கிடைக்கும். இது 40-ஐ தாண்டிடும். நியாயமா சொன்னா, அங்கே ஒரு ஹெக்டேருக்கு எடுக்கக்கூடிய அளவு குறைவு, அதனால தரத்துக்கும் ஒரு பங்கு போகுது. ஆனா மீதி? பேருக்கு.

லேபிள்ல பார்க்க வேண்டியது

1. வெறும் 'கோட் து ரோன்': அடிப்படை நிலை.
2. 'கோட் து ரோன் விலாஜ்': விதிமுறை கொஞ்சம் கடுமை.
3. 'விலாஜ்' கூட ஒரு ஊர் பேரும் இருந்தா (செகுரே, சாப்லே மாதிரி): நம்ம சாய்ஸ் இதுதான்.
4. 'க்ரு': ஊர் பேர் மட்டும் இருக்கும்.

ஏன் மூணாவது? ஜிகோந்தாஸ் 1971-லயும், கேரான் 2016-லயும் மூணாம் படியில இருந்து நாலாவதுக்கு ஏறின ஊர்கள். மண் அதேதான், மாறினது அந்தஸ்து. ஸ்மால் கேப்பை முன்கூட்டியே வாங்குற மாதிரி யோசிங்க.

இந்தியாவுல வாங்கினா?

இறக்குமதி ஒயினுக்கு சுங்க வரி பல வருஷமா 150%. அதுக்கு மேல மாநில வரி. அதனால அங்கே 'பட்ஜெட்' பாட்டில் இங்கே ஆடம்பரம் ஆயிடும். வெளிநாட்டுல இருந்து வரும்போது ஒருத்தருக்கு 2 லிட்டர் வரை வரியில்லாம கொண்டு வரலாம். அதாவது 750 மில்லி பாட்டில் ரெண்டு.

கடைசியா ரெண்டு டிப்ஸ்

நம்ம ஊர் சூட்டுல ரெட் ஒயினை அப்படியே ஊத்தாதீங்க. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஒரு பாட்டில்ல 150 மில்லி வீதம் 5 கிளாஸ் வரும்; திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணு நாள் தாங்கும். ஒரே நாள்ல காலி பண்ணணும்னு கட்டாயம் இல்லை.

அடுத்த தடவை நண்பர்கள் வந்தா, லேபிளை பேப்பர்ல சுத்தி மறைச்சு ரெண்டு ஒயின் ஊத்திக் கொடுங்க. எது ஜெயிச்சதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க!