கண்ணாடித் தொட்டியில் ஒரு லாலான் புல்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லாலான் புல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே உள்ள புல்லை வெட்டினால் மட்டும் போதாது. மண்ணுக்குள் ஒரு துண்டு வேர்த்தண்டு மிஞ்சினாலும் மீண்டும் தலைதூக்கும். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்போருக்கும் ஒரு லாலான் உண்டு. அதன் பெயர் எய்ப்டேசியா.

இது செடியன்று, கடற்சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணி. கண்ணாடி போன்ற பழுப்பு உடலும், உச்சியில் மெல்லிய உணர்கொம்புகளும் கொண்டது. புதிதாக வாங்கும் கல்லிலோ பவளத்திலோ ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பக்கத்தில் உள்ள பவளத்தைக் கொட்டிக் கொட்டிப் புண்ணாக்கும்.

என் தம்பி மகன் தன் தொட்டியில் இதை முதன்முதலாகக் கண்டபோது, "ஒன்றுதானே, பெரியப்பா" என்று சவர அலகால் சுரண்டினான். "நன்றாகச் சுரண்டு" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்தான். சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிப் பல குஞ்சுகள் முளைத்துவிட்டன. இதன் அடிப்பாதத்திலிருந்து பிய்ந்த சிறு துணுக்கும் தனிப் பிராணியாக வளரவல்லது என்பதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம்.

அப்படியானால் ஒழிப்பது எப்படி? முதலில் தொட்டியின் பம்பை நிறுத்துங்கள். தூய நீற்றுச் சுண்ணாம்பை, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடை, சிறிது நீரில் கூழாகக் குழைத்து, ஊசிக்குழலால் அதன் வாயின்மேல் மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் அது சுருங்கி ஓட்டைக்குள் மறைந்துவிடும். சற்று நேரம் கழித்துப் பம்பை இயக்கலாம். ஒரே நாளில் பலவற்றுக்கு வைக்காதீர்கள். நீரின் காரத்தன்மை ஏறினால் மீன்களும் பவளமும் துன்புறும். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கக்கூடும். கையுறையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் அவசியம்.

இயற்கை எதிரிகளும் உண்டு. பெர்கியா என்னும் ஓடில்லாத சிறு கடல் நத்தை எய்ப்டேசியாவை மட்டுமே தின்னும். அது தீர்ந்துவிட்டால் நத்தை பட்டினியால் மடியும். பெப்பர்மின்ட் இறாலும் இதைத் தின்னும். ஆனால் சில இறால்கள் பவளத்தையும் கடித்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. "கல்லையே கொதிக்க வைத்தால் தொல்லை தீருமே" என்று எண்ணாதீர்கள். கல்லில் ஒட்டியுள்ள சில ஸோவாந்திட் உயிர்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கலாம். அந்த ஆவியை முகர்ந்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குச் சென்றவர்கள் உண்டு. பவளத்தைக் காக்கப் போய்ப் பிள்ளைகளை ஆபத்தில் தள்ளலாமா?

எல்லாவற்றினும் மேலானது வருமுன் காப்பது. வாங்கிய பவளத்தைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். மருந்துநீரில் முக்கினால் தட்டைப்புழுக்கள் உதிரும். ஆனால் முட்டைகள் சாவதில்லை. ஆகவே முட்டைகளைச் சுரண்டி எடுத்து, வாரந்தோறும் மீண்டும் முக்கிச் சோதியுங்கள். பொறுமையே இங்கு முதல் மருந்து.