மேடைக்கு யாரை அழைப்பது?

பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால், அமெரிக்காவின் பல அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் அறிவிப்பு ஒன்று ஒட்டப்படுகிறது. கறுப்பின வரலாற்று மாதத்தை முன்னிட்டுச் சிறப்புக் கூட்டம், சிறப்புப் பேச்சாளர் இன்னார், அனைவரும் வருக! பிரிட்டனில் இதே காட்சியை அக்டோபர் மாதத்தில் காணலாம்.

அன்பு வாசகர்களே! நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் இன்று அந்நாடுகளில் பணிபுரிகின்றனர். விழாக் குழுக்களில் அவர்களும் இடம்பெறுகின்றனர். "யாரைப் பேச அழைக்கலாம்?" என்ற கேள்வி அவர்களிடமும் வருகிறது. சிறிய கேள்விதானே என்று எண்ணிவிடாதீர்கள். அந்த விழா வெறும் சடங்காக முடிவதும், கேட்டவர் நெஞ்சில் நிலைப்பதும் இதற்கான விடையைப் பொறுத்தே அமைகின்றன.

தொடங்கியவரின் எச்சரிக்கை

இவ்விழாவுக்கு வித்திட்டவர் கார்ட்டர் வுட்சன் என்னும் அறிஞர். 1875-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்தவர். அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்ற பெற்றோரின் மகன். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார். வயது கடந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த அவர், 1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தம் மக்களின் வரலாறு பாடநூல்களில் மறைக்கப்பட்டும் திரிக்கப்பட்டும் கிடப்பதைக் கண்டு, 1915-இல் ஆய்வுக் கழகம் ஒன்றை நிறுவினார். 1926-இல் 'நீக்ரோ வரலாற்று வாரம்' என்று அக்காலத்துப் பெயரில் ஒரு வாரக் கொண்டாட்டத்தைத் தொடங்கினார். ஆபிரகாம் லிங்கன், பிரடெரிக் டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்த நாள்களும் கொண்டாடப்பட்டு வந்த பிப்ரவரியை அதற்குத் தேர்ந்தார். அந்த வாரமே 1976-இல் மாதமாக விரிந்தது. பிரிட்டனில் 1987-இல் தொடங்கியது.

வாரம் புகழ்பெறத் தொடங்கியதும் அரைகுறை அறிவுடையோர் பலர் பேச்சாளர்களாகக் கிளம்பினர். வுட்சன் மனம் வருந்தினார். மாணவர்கள் அறிந்த அளவுகூட அறியாதவர்களை மேடைக்கு அழைத்துவிடாதீர்கள் என்று ஆசிரியர்களை அன்றே எச்சரித்தார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

செய்யலாகாத மூன்று

முதலாவது, அலுவலகத்தில் பணிபுரியும் ஒரே கறுப்பினத்தவரை நோக்கி, "நீங்களே பேசிவிடுங்களேன்" என்று கேட்பது. எண்ணிப் பாருங்கள். அவர் கணக்கராக இருக்கலாம், பொறியாளராக இருக்கலாம். வரலாறு அவருடைய துறையன்று. மறுத்தால் ஒத்துழைக்காதவர் என்ற பெயர் வரும். ஒப்புக்கொண்டால், தம் வாழ்வின் காயங்களைச் சக ஊழியர்களின் முன் திறந்து காட்ட நேரிடும். அவரே விரும்பி முன்வந்தால் வரவேற்கலாம். நிறத்தைக் கண்டு சுமத்தப்படும் கடமை மரியாதை ஆகாது.

இரண்டாவது, பெயருக்காக அழைப்பது. புகழ்பெற்ற விளையாட்டு வீரரோ தொலைக்காட்சி முகமோ வந்தால் கூட்டம் நிரம்பும். புகைப்படமும் அழகாக அமையும். ஆனால், மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், முகம்மது அலி என்று எல்லோரும் அறிந்த பெயர்களையே மீண்டும் அடுக்கிவிட்டு அவர் விடைபெறுவாராயின், கேட்டவர்க்குக் கிட்டிய பயன் என்ன?

மூன்றாவது, கடைசி வாரத்தில் தேடுவது. நல்ல ஆய்வாளர்களுக்கு அந்த ஒரு மாதத்தில்தான் அழைப்புகள் குவிகின்றன. மாதங்களுக்கு முன்பே கேட்க வேண்டும். "விளம்பரம் கிடைக்குமே" என்று கூறி ஊதியமின்றி அழைப்பதும் தகாது. பிற நிகழ்ச்சிப் பேச்சாளர்களுக்கு மதிப்பூதியம் தரும் நிறுவனம், உழைப்பின் கூலி மறுக்கப்பட்ட மக்களின் வரலாற்றைப் பேச வருபவருக்கு மட்டும் கைவிரிப்பது எவ்வளவு பெரிய முரண்!

உங்கள் தொழிலின் வரலாறு எது?

அவ்வாறாயின் யாரை அழைப்பது? உங்கள் பணியிடத்தின் கதையை அறிந்தவரை அழையுங்கள்!

ரயில்வேத் துறையா? அமெரிக்காவின் புல்மன் படுக்கை வண்டிகளில் பணியாற்றிய கறுப்பினப் பணியாளர்களைப் பயணிகள் அவரவர் பெயரால் அழைக்கவில்லை. முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரைக் கொண்டு எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தனர். 1925-இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937-இல் ஒப்பந்தம் கண்டார்கள்.

மருத்துவமனையா? இரத்த வங்கி முறையை வளர்த்தெடுத்த டாக்டர் சார்லஸ் ட்ரூ கறுப்பினத்தவர். ஆயினும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கறுப்பினத்தவர் அளித்த இரத்தம் தனியே பிரித்து வைக்கப்பட்டது. இதற்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை என்று ட்ரூ எதிர்த்தார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அவ்வழக்கத்தை 1950-இல்தான் கைவிட்டது.

பிரிட்டனில் பேருந்துப் பணிமனையா? 1963-இல் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம், கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநர்களாகவோ நடத்துநர்களாகவோ ஏற்க மறுத்து வந்தது. தொழிற்சங்கக் கிளையும் அதற்குத் துணை நின்றது. கை பெய்லி என்னும் இளைஞர் மேற்கிந்தியர் என்று தெரிந்ததும், அவருக்கு வழங்கிய நேர்காணலையே நிறுவனம் ரத்துச் செய்தது. பால் ஸ்டீபன்சன் முதலியோர் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினர். நான்கு மாதங்களில், ஆகஸ்டு 28 அன்று நிறுவனம் பணிந்தது. அடுத்த மாதம் வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகப் பொறுப்பேற்றவர் ரக்பீர் சிங் என்னும் இந்தியச் சீக்கியர்! கறுப்பினத்தவர் திறந்த கதவின் வழியே நம்மவரும் நுழைந்தோம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்தகைய செய்திகளைத் தம் பணியிடத்திலேயே கேட்கும் ஊழியர், "இது பிறர் கதை" என்று எழுந்து போய்விட மாட்டார்.

அறியாத ஏடுகள்

ஆழ்ந்து கற்றவர், கேட்பவர் எதிர்பாராத ஏட்டையும் திறந்து காட்டுவார். உமர் இப்னு சயீதை எத்தனை பேர் அறிவோம்? இன்றைய செனகல் பகுதியில் பிறந்து, பல ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றவர். 1807-இல் அடிமையாகச் சார்லஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். 1831-இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் தம் கைப்பட எழுதினார். விடுதலை காணாமலேயே இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. எழுத்தறிவில்லாத மக்களையே கப்பலேற்றி வந்தார்கள் என்ற பொய்யை இந்த ஒரே சான்று தகர்த்துவிடுகிறதே!

அழைக்கும் முன் கேளுங்கள்

பேச்சாளரிடம் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எந்தப் பொருளில் ஆய்ந்தவர்? எழுதிய நூலோ கட்டுரையோ உண்டா? முன்பு அவர் பேச்சைக் கேட்டவர்கள் என்ன கூறுகின்றனர்? கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குவாரா? உள்ளூர் அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், பழைய தொழிற்சங்கத் தலைவர்கள் ஆகியோரிடம் விசாரித்தால் பெரும்பொருள் செலவின்றியே தக்கவர் கிடைப்பார்.

அவ்வாறே, உங்கள் நிலையையும் அவரிடம் ஒளிக்காதீர்கள். கேட்போர் யார், அங்குள்ள மனத்தாங்கல்கள் யாவை என்பதை முன்கூட்டியே கூறிவிடுங்கள். ஆனால், "எவர் மனமும் நோகாமல் பேசுங்கள்" என்று மட்டும் கட்டளையிடாதீர்கள். கசப்பை நீக்கிய வரலாறு வரலாறாகாது.

இத்தகைய விழாக்கள் தேவைதானா என்ற கேள்வி அண்மையில் உரத்து எழுந்துள்ளது. அலுவல் நேரத்தையும் அரசு வளங்களையும் இவற்றுக்குச் செலவிடலாகாது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2025 ஜனவரியில் அறிவித்தது. வெற்றுப் பேச்சும் சிற்றுண்டியுமாக முடியும் விழா, அந்தக் கேள்விக்கு விடை கூற இயலாது. கேட்டவரைச் சிந்திக்க வைக்கும் ஒரு மணி நேரப் பேச்சுக்கு அந்த ஆற்றல் உண்டு.

ஆகவே வாசகர்களே! கடல் கடந்து பணிபுரியும் உங்கள் மகனோ மகளோ அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது இதனை எடுத்துச் சொல்லுங்கள். பேச்சாளரைத் தேர்வது பொறுப்பான பணி. மறைக்கப்பட்ட ஒரு மக்களின் வரலாற்றை ஒரு மணி நேரம் ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம். அமானிதத்தை உரியவரிடமே ஒப்படைக்க வேண்டுமல்லவா?