டூ – டு அமைப்பு (ஆங்கில இலக்கணம்)

டூ – டு அமைப்பு என்பது, ஒரு பண்பு அளவு கடந்திருப்பதையும் அதன் விளைவாக ஒரு செயல் நடவாது போவதையும் ஒருங்கே உணர்த்தும் ஆங்கில வாக்கிய அமைப்பு ஆகும். இதில் டூ என்பது அளவைக் குறிக்கும் வினையடை. டு என்பது, ஆங்கிலத்தில் இன்பினிட்டிவ் எனப்படும் வினையெச்சத்தின் முன் நிற்கும் இடைச்சொல். இரண்டுக்கும் நடுவே ஒரு பெயரடையோ வேறொரு வினையடையோ வரும். "தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்" என்றால் "பெட்டி தூக்க முடியாத அளவுக்குக் கனமாக உள்ளது" என்று பொருள். இவ்வாக்கியத்தில் நாட் என்னும் எதிர்மறைச் சொல் எங்கும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. இவ்வமைப்பின் பயனும் இதனால் நேரும் குழப்பங்களும் இந்த மறைவான எதிர்மறையிலிருந்தே தோன்றுகின்றன.

இனஃப் – டு, சோ – ஆஸ் டு ஆகியவை இதனோடு நெருங்கிய உறவுடைய அமைப்புகள்.

சொற்களின் தோற்றம்

டூ, டு ஆகிய இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்தவை. வினையடைக்குத் தனி எழுத்துக்கூட்டல் 16ஆம் நூற்றாண்டளவில் நிலைபெற்றது. செருமானிய மொழியில் இன்றும் இவ்விரு பணிகளையும் ட்சு என்னும் ஒரே சொல் செய்கிறது. தற்கால ஆங்கிலப் பேச்சில் வினையடை அழுத்தத்துடன் நீண்டும், இடைச்சொல் அழுத்தமின்றிக் குறுகியும் ஒலிக்கின்றன. தமிழ் எழுத்தில் நெடிலும் குறிலும் இவ்வேறுபாட்டை ஓரளவு காட்டிவிடுகின்றன.

வாக்கியத்தில் அமையும் முறை

டூ எப்போதும் பெயரடைக்கு முன்னால் வரும். செயலைச் செய்பவரைக் குறிப்பிட வேண்டுமாயின், டு என்பதற்கு முன் ஃபார் சேர்த்துச் சொல்வர்: "தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி ஃபார் தி சைல்ட் டு லிஃப்ட்", அதாவது "பெட்டி குழந்தையால் தூக்க முடியாத அளவுக்குக் கனமானது". ஒருமைப் பெயர்ச்சொல்லும் சேரும்போது சொல் வரிசை வழக்கத்துக்கு மாறாக அமையும். "எ டூ ஹெவி பாக்ஸ்" என்று கூறாமல் "டூ ஹெவி எ பாக்ஸ் டு லிஃப்ட்" என்று கூறுவர்.

மேற்கண்ட முதல் எடுத்துக்காட்டில் லிஃப்ட் என்னும் வினைக்குச் செயப்படுபொருள் பெட்டியே. அது எழுவாயாக முன்னரே வந்துவிட்டதால் வினைக்குப் பின் இட் என்று மீண்டும் சேர்ப்பதில்லை. இந்த வெற்றிடம் சில வேளைகளில் பொருளையே தலைகீழாக மாற்றிவிடும். "ரவி இஸ் டூ ஆங்ரி டு டாக் டு மாலா" என்றால், கோபத்தினால் ரவி மாலாவிடம் பேசமாட்டான். இறுதியிலுள்ள மாலாவை மட்டும் நீக்கி "ரவி இஸ் டூ ஆங்ரி டு டாக் டு" என்றால், அவன் கோபமாக இருப்பதால் அவனிடம் பிறர் பேச முடியாது. ஒரு சொல்லை நீக்கியதும் பேசுபவன் பேசப்படுபவனாகிவிட்டான். மொழியியலாளர் நோம் சோம்சுக்கி 1986இல் வெளியான தமது நூலில் இவ்வகை வாக்கியங்களை ஆராய்ந்தார். யாரும் கற்றுக்கொடுக்காமலேயே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது அவர் சுட்டிய முக்கிய செய்தி.

மறைந்திருக்கும் எதிர்மறை

டூ என்பதற்குள் எதிர்மறை உண்டு என்பதற்கு ஆங்கிலத்திலேயே சான்று உள்ளது. எனிதிங், எவர் போன்ற சொற்கள் சாதாரண உடன்பாட்டு வாக்கியங்களில் இயல்பாக வருவதில்லை. எதிர்மறையையோ வினாவையோ ஒட்டியே பெரிதும் வரும். "ஷி செட் எனிதிங்" என்பது பிழையாக ஒலிக்கிறது. ஆனால் "ஷி வாஸ் டூ டயர்ட் டு சே எனிதிங்" (எதுவும் சொல்ல முடியாத அளவுக்கு அவள் களைத்திருந்தாள்) என்பது முற்றிலும் சரியானது. நாட் செய்யும் வேலையை இங்கு டூ செய்கிறது.

தமிழில் இதற்கு நேரான தனிச்சொல் இல்லை. மிக, மிகவும் ஆகியவை வெரி என்பதற்கே ஈடானவை. மிகுதியைக் கூறுமே தவிர வரம்பு மீறியதைக் கூறா. தமிழ் அந்த எதிர்மறையை வினையில் ஏற்றுகிறது: "எட்டாத உயரம்", "தாங்க முடியாத வலி", "எண்ணில் அடங்காத". எனவே ஆங்கிலத்தில் வினையடைக்குள் ஒளிந்திருப்பதைத் தமிழாக்குபவர் எதிர்மறைப் பெயரெச்சமாக வெளியே கொண்டுவர வேண்டியுள்ளது. டூ என்பதை "மிகவும்" என்று பெயர்த்துவிட்டு டு என்பதைச் "செய்ய" என்று பெயர்த்தால், "பெட்டி தூக்க மிகவும் கனமானது" என்ற அரைகுறை வாக்கியமே கிடைக்கும். டூ, வெரி ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கருதும் வழக்கத்தால்தான் இந்தியப் பேச்சு ஆங்கிலத்தில் "டூ குட்" என்பது பாராட்டாகவும் வழங்குகிறது.

பள்ளிப் பயிற்சியும் அதன் எல்லையும்

டூ நீக்கி எழுதுதல் இந்தியப் பள்ளிகளில் நன்கு அறியப்பட்ட பயிற்சி. ரென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கண நூலிலும் வாக்கிய மாற்றங்களில் ஒன்றாக இது இடம்பெற்றுள்ளது. டூ இருக்கும் இடத்தில் சோ, டு இருக்கும் இடத்தில் தட், அதன் பின் எழுவாயும் கேனாட் என்பதும் இட வேண்டும் என்பதே மாணவர் மனனம் செய்யும் விதி. இறந்தகால வாக்கியமாயின் குட் நாட் வரும். முன்பு விடுபட்ட இட் இப்போது திரும்ப வந்தாக வேண்டும்: "தி பாக்ஸ் இஸ் சோ ஹெவி தட் ஐ கேனாட் லிஃப்ட் இட்". தேர்வில் மதிப்பெண் இழக்கச் செய்வது பெரும்பாலும் இந்த இட் தான்.

இவ்விதி பெரும்பாலான இடங்களில் பொருந்தினாலும், மறைந்துள்ள எதிர்மறை எப்போதும் "முடியாது" என்பதாக இருப்பதில்லை. "கூடாது", "தகாது" என்றும் இருக்கலாம். "டூ பிக் டு ஃபெயில்" என்னும் புகழ்பெற்ற தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1984இல் அமெரிக்காவின் கான்டினென்டல் இல்லினாய் வங்கியை அரசு காப்பாற்றியது குறித்த நாடாளுமன்ற விசாரணையில் உறுப்பினர் இசுட்டூவர்ட் மெக்கின்னி இதைப் பயன்படுத்தியதால் இத்தொடர் பரவியது. 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின் போது உலகெங்கும் ஒலித்தது. மனன விதிப்படி இதற்கு "வீழவே முடியாத அளவுக்குப் பெரியது" என்று பொருள் வரும். உண்மைப் பொருளோ "வீழ விடக்கூடாத அளவுக்குப் பெரியது" என்பதாகும். வங்கி வீழக்கூடியதே. அது வீழ்ந்தால் பிறவற்றையும் இழுத்துச் செல்லும் என்பதால் அரசு அதை வீழ விடாது. முதல் பொருளைக் கொள்பவர் வங்கி வலிமையானது என்று நம்பிவிடுவார்.

தலைக்காய வாக்கியம்

டூ – டு அமைப்பின் முன் நோ என்னும் எதிர்மறையும் சேர்ந்தால் வாக்கியத்தைப் புரிந்துகொள்வது கடினமாகிறது. உளவியலாளர்களான பீட்டர் வேசன், சூலி ரீச் ஆகியோர் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வாறான ஒரு வாக்கியத்தை ஆராய்ந்தனர்: "நோ ஹெட் இஞ்சுரி இஸ் டூ டிரிவியல் டு பி இக்னோர்ட்". இதைப் படிக்கும் எவரும் "எந்தத் தலைக்காயமும் எவ்வளவு சிறிதாயினும் புறக்கணிக்கப்படக் கூடாது" என்றே பொருள் கொள்வர். வாக்கியம் சொல்வது அதற்கு நேர் எதிரானது.

இதே வடிவிலுள்ள எளிய வாக்கியம் ஒன்றுடன் ஒப்பிட்டால் இது விளங்கும். "நோ சைல்ட் இஸ் டூ யங் டு லேர்ன்" என்பதன் பொருள் "எவ்வளவு சிறிய குழந்தையாயினும் கற்கலாம்". ஆகவே அதே வடிவில் அமைந்த தலைக்காய வாக்கியத்தின் பொருள் "எவ்வளவு அற்பமான தலைக்காயமாயினும் புறக்கணிக்கலாம்" என்றாகிறது! நோ, டூ, டிரிவியல், இக்னோர் என எதிர்மறைச் சாயலுள்ள நான்கு சொற்கள் அடுக்கி வருவதால், படிப்பவர் கணக்கை விட்டுவிட்டு உலக அறிவின்படி நியாயமான பொருளை எடுத்துக்கொள்கிறார். எழுதுபவருக்கும் இதே மயக்கம் ஏற்படுவதால் பிழை இருவர் கண்ணிலும் படுவதில்லை. சொல்ல விரும்பியதைச் சரியாகச் சொல்ல, டூ என்பதைக் கைவிட்டு "நோ ஹெட் இஞ்சுரி இஸ் சோ டிரிவியல் தட் இட் கேன் பி இக்னோர்ட்" என்று எழுதலாம். அல்லது இக்னோர் என்பதற்குப் பதிலாக டிரீட் என்னும் வினையை இடலாம். இங்குப் படிப்பவரின் பொது அறிவு காப்பாற்றிவிடுகிறது. மருந்தின் அளவு, இயந்திரப் பாதுகாப்பு போன்று படிப்பவர் முன்னரே அறிந்திராத செய்திகளில் அந்தத் துணை கிட்டாது.

எதிர்மறை இழக்கும் இடங்கள்

டு என்பதற்கு முன் நாட் வந்தால் இரண்டு எதிர்மறைகளும் சேர்ந்து உடன்பாடாகும். "டூ குட் நாட் டு ஷேர்" என்றால் "பகிராமல் இருக்க முடியாத அளவுக்கு நன்று". இதைவிட வியப்பானது ஒன்லி டூ என்னும் இணை. "ஐ ஆம் ஒன்லி டூ கிளாட் டு ஹெல்ப்" என்பதற்கு "உதவ முடியாது" என்று பொருள் இல்லை. "உதவுவதில் பெருமகிழ்ச்சி" என்றே பொருள். இங்கு டூ தன் எதிர்மறையை முழுவதுமாக இழந்து வெரி ஆகிவிடுகிறது. ஆல் டூ என்பதும் இவ்வாறே, ஆனால் பெரும்பாலும் விரும்பத்தகாதவற்றையே குறிக்கும்.

தொடர்புடைய அமைப்புகள்

இனஃப் – டு, டூ – டு அமைப்பின் உடன்பாட்டு வடிவம் எனலாம். இனஃப் பெயரடைக்குப் பின்னால் வரும்: "ஸ்ட்ராங் இனஃப் டு லிஃப்ட்" (தூக்கும் அளவுக்கு வலிமை). கற்பவர் இதை "இனஃப் ஸ்ட்ராங்" என்று மாற்றி எழுதுவது பரவலான பிழை.

சோ – ஆஸ் டு அமைப்பில் சொற்களின் இடைவெளியே பொருளைத் தீர்மானிக்கிறது. சோ, ஆஸ் இரண்டுக்கும் நடுவே பெயரடை வந்தால் விளைவைக் குறிக்கும்: "சோ லவுட் ஆஸ் டு வேக் தி பேபி" (குழந்தையை எழுப்பிவிடும் அளவுக்கு உரத்த). இரண்டும் ஒட்டி வந்தால் நோக்கத்தைக் குறிக்கும்: "ஹி வாக்ட் ஸ்லோலி சோ ஆஸ் நாட் டு வேக் தி பேபி" (குழந்தை விழித்துவிடக் கூடாது என்பதற்காக அவன் மெதுவாக நடந்தான்). பழைய கடிதங்களில் காணப்படும் "பி சோ கைண்ட் ஆஸ் டு" என்னும் பணிவுத் தொடர் வடிவில் முதல் வகையைச் சேர்ந்தது. "அருள்கூர்ந்து" என்பதே அதற்குப் பொருத்தமான தமிழ்.