புரதத்தைப் படிக்கும் பொது ஆய்வகம்

20 வகை அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் கோக்கப்பட்ட சங்கிலியே புரதம். அந்த வரிசையில் ஒரு பகுதி தெரிந்தாலே போதும், அதற்குரிய மரபணுவைத் தேடிப் பிடித்துவிடலாம்.

வரிசையைப் படிக்கும் வழியை 1950-இல் சுவீடனின் பேர் எட்மன் கண்டுபிடித்தார். சங்கிலியின் நுனியிலுள்ள அமிலத்தோடு மட்டும் ஒரு வேதிப்பொருளை இணைத்து, அந்த ஒன்றை மட்டும் கழற்றி, அது எது என்று பார்ப்பார்கள். பிறகு அடுத்தது. 1967-இல் இந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவி வந்தது. ஆனால் அதற்குப் புரதம் நிறையத் தேவைப்பட்டது. கழுவும்போதே கொஞ்சம் கரைந்து போய்விடும்.

கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் லெராய் ஹூட் குழுவினர் 1981-இல் இதற்குத் தீர்வு கண்டார்கள். கண்ணாடி இழை வட்டில் புரதத்தைப் படியவைத்து, முக்கிய வேதிப்பொருள்களை ஆவியாகச் செலுத்தினார்கள். புரதம் இருந்த இடத்திலேயே இருந்தது. மிகச் சொற்ப அளவும் போதுமானதாயிற்று.

சான்பிரான்சிஸ்கோவில் ஆய்வாளர் ஸ்டான்லி புரூசினர், நோயுற்ற வெள்ளெலிகளின் மூளையிலிருந்து, நோய்க்குக் காரணம் என்று தாம் கருதிய பிரியான் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்திருந்தார். 1984-இல் ஹூட் குழுவின் துணையோடு அதன் நுனி வரிசை தெரியவந்தது. அதைத் துப்பாகக் கொண்டு தேடியபோது, அந்தப் புரதத்துக்கான மரபணு வைரஸில் இல்லை, விலங்கின் உடலிலேயே இருக்கிறது என்பது வெளிப்பட்டது. புரூசினருக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓரிடத்துக் கருவி வேறோர் இடத்து ஆய்வுக்குக் கைகொடுத்தது. கருவிகளைப் பல குழுக்களும் பகிர்ந்து பயன்படுத்தும் பொது ஆய்வகம் என்ற ஏற்பாட்டின் பயனும் இதுதான்.

இன்று இத்தகைய ஆய்வகங்களில் முதன்மைக் கருவி நிறைமாலைமானி. டிரிப்சின் என்ற நொதியால் புரதத்தைத் துண்டுகளாக்கி, அவற்றின் நிறையை அளக்கிறார்கள். துண்டுகளை மேலும் உடைத்துக் கிடைக்கும் அளவுகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் புரதத்தை அடையாளம் காணும் மென்பொருளை, 1994-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் யேட்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள்.

கருவி நுட்பமாக ஆக, கவனமும் கூட வேண்டும். கையுறை போடாமல் மாதிரியைத் தயாரித்தால், தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதம் உள்ளே விழுந்துவிடும். தேடிய புரதத்துக்குப் பதில் கெரட்டினே முடிவுகளில் நிறைந்திருக்கும். எது மாதிரி, எது மாசு என்று பார்த்ததும் சொல்ல அனுபவசாலிகள் வேண்டும். கருவிக்குக் கோடிகளை ஒதுக்கும் பல்கலைக்கழகங்கள், அதை இயக்கும் நிபுணர்களுக்கு நிரந்தரப் பணியிடங்களையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.